கண்மாய்க் கரை வழியே: செட்டிநாட்டில் ஒரு சைக்கிள் பாதைக்கான குறிப்புகள்

ஜனவரி 21, கானாடுகாத்தான்

செட்டிநாடு ரயில் நிலையத்தில் இறங்கியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. சித்தப்பா வீட்டில் சைக்கிள் தயாராக இருந்தது. கியர் கிடையாது, பின்னால் கேரியர், கனமான இரும்பு வண்டி. வேண்டுமென்றே அதைத்தான் கேட்டிருந்தேன். இந்தப் பக்கம் பள்ளிக்கும் வயலுக்கும் கடைக்கும் போகிறவர்கள் ஓட்டுவது அந்த வண்டியைத்தான். அவர்களால் ஓட்ட முடியாத பாதையை நாங்கள் தாளில் வரைந்து என்ன பயன்?

நாங்கள் என்றால் திருமயம், காரைக்குடி, திருப்பத்தூர்ப் பக்கத்து நண்பர்கள் சிலர். பள்ளி ஆசிரியர்கள், ஒரு கொத்தனார், கல்லூரி மாணவிகள், ஒரு சைக்கிள் கடைக்காரர். நாடு முழுக்க இணையும் சைக்கிள் பாதைகள் வேண்டும் என்று எங்கே பேச்சு வந்தாலும் வரைபடத்தில் பெருநகரமும் கடற்கரையும் மலையும்தான் இடம்பிடிக்கின்றன. எங்கள் பகுதிக்கான துண்டை நாங்களே எழுதுவோம், ஊர் ஊராகக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குவோம், பிறகு மேலே அனுப்புவோம் என்று முடிவெடுத்திருக்கிறோம். திருமயத்தில் தொடங்கிக் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் வழியாக வேட்டங்குடி வரை. காரைக்குடிக்கு ஒரு கிளை. அந்த வழியை ஓட்டிப் பார்த்துக் குறிப்பெடுக்க வந்திருக்கிறேன். இருபத்தாறாம் தேதி குடியரசு நாள் கிராம சபை. அதற்குள் முன்மொழிவு கையில் இருக்க வேண்டும்.

ஊர்க்காரர்களே ஏன் எழுத வேண்டும் என்று ரயிலில் பக்கத்தில் இருந்தவர் கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

பிரிட்டனில் தேசிய சைக்கிள் வலையமைப்பு ஒன்று இருக்கிறது. 1977-ல் பிரிஸ்டல் நகரத்தில் சைக்கிள் ஓட்டும் சிலர் கூடி ஒரு குழு அமைத்தார்கள். அங்கிருந்து பாத் நகரம் வரை கைவிடப்பட்டுக் கிடந்த ரயில் தடத்தில் 1979 முதல் தொண்டர்களாக இறங்கி வேலை செய்தார்கள். சுமார் 21 கிலோமீட்டர்தான். முடிய 1986 ஆனது. அந்தக் குழு சஸ்ட்ரான்ஸ் என்ற அமைப்பாக வளர்ந்து, 1995-ல் லாட்டரி நிதியிலிருந்து 4.35 கோடி பவுண்டு பெற்றது. 2000-ல் 5,000 மைல் வலையமைப்பு திறக்கப்பட்டது. நியூசிலாந்தில் 2009 பிப்ரவரியில் நடந்த வேலைவாய்ப்பு மாநாட்டில் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே சைக்கிள் பாதை என்ற யோசனை எழுந்தது. பிரதமர் ஜான் கீயின் அரசு 5 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த ஒற்றைக் கோடு நிலைக்கவில்லை. வட்டாரங்களிடம் முன்மொழிவு கேட்டார்கள். அவரவர் பக்கத்தில் கிடந்த பழைய ரயில் தடத்தையும் ஆற்றங்கரையையும் காட்டுவழியையும் மக்கள் எழுதி அனுப்பினார்கள். இன்று இருபதுக்கும் மேற்பட்ட பாதைகள் இருக்கின்றன. தலைநகரத்தில் உட்கார்ந்து கோடு இழுத்திருந்தால், எந்த மடை மழைக்கு உடையும், எந்தத் திருப்பத்தில் லாரி வேகமாக வரும் என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

எனக்கு இதில் இன்னொரு பற்றும் உண்டு. எங்கள் அம்மா புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது பழகியவர். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலம் அது. மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனதால் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அம்மாவும் அப்படித்தான் வாங்கினார். அந்தப் பாரில் ஒரு சின்ன சீட்டு மாட்டி என்னை உட்கார வைத்துக் கல்குவாரிக்குப் போன நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அம்மா அன்று ஓட்டிய ரோடு இன்று அகலமாகிவிட்டது. அதில் இன்று எந்தத் தாயும் பிள்ளையைப் பாரில் வைத்து ஓட்ட மாட்டாள்.

சாயங்காலம் கானாடுகாத்தான் தெருக்களில் சுற்றினேன். செட்டிநாட்டு ஊர்கள் நேர்நேராகத் தெரு போட்டு எழுந்தவை. ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டு அடுத்த தெருவில் முடியும். முகப்புத் தெருக்களில் சுற்றுலாக் கார்கள் நிற்கின்றன. பின்கட்டுத் தெருக்களில் ஆளே இல்லை. மாட்டுவண்டிக்கு அளந்து விட்ட அகலம், இரண்டு பக்கமும் உயர்ந்த மதில் நிழல், கடைசியில் ஒரு ஊரணி. புதிதாக ஒரு செங்கல் வைக்காமலே ஊருக்குள் இது சைக்கிள் பாதை. குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதினேன்: ஊருக்குள் பின்கட்டுத் தெரு, ஊருக்கு வெளியே கண்மாய்க் கரை.

1912-ல் கட்டி முடித்த செட்டிநாடு அரண்மனையைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுகிறார்கள் என்றார் சித்தப்பா. இந்த ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. சைக்கிளில் வருகிறவர் இரவு தங்குவார், காலையில் பணியாரம் சாப்பிடுவார், ஒரு டியூப் வாங்குவார். அது நல்லதுதான். ஆனால் முன்மொழிவில் அது இரண்டாவது பத்தி. முதல் பத்தி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு.

ஜனவரி 22, ஆத்தங்குடி

விடியற்காலையில் கிளம்பினேன். கானாடுகாத்தானிலிருந்து ஆத்தங்குடிக்குத் தார் ரோடு இருக்கிறது. குறுகலானது, கார்கள் அதிகமில்லை, ஆனால் வருகிறவை வேகமாக வருகின்றன. ரோட்டை விட்டு விலகி, ஒரு கண்மாய்க் கரையில் ஏறினேன். தை மாதம், தண்ணீர் நன்றாகவே கிடந்தது. கரைமேல் சரளை மண் இறுகி, சக்கரம் பதியாமல் உருண்டது. ஒரு பக்கம் நீர், மறுபக்கம் கதிர் முற்றிய வயல். மிகுதி நீர் வழியும் கலுங்கு வந்ததும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. மழைக்காலத்தில் கலுங்கு வழியும்போது அங்கே ஆளும் கடக்க முடியாது. ஆகவே கரைப்பாதைக்கு ஒவ்வொரு கலுங்கிலும் ஒரு மாற்று வழி எழுதியாக வேண்டும்.

கரை யாருடையது என்பது அடுத்த கேள்வி. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய்கள் நீர்வளத்துறையிடம், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். இரண்டுக்கும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு மனு. இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும், கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டைப் புரட்டினால் "வண்டிப்பாதை" என்று வகைப்படுத்திய புறம்போக்கு நிலங்கள் கிடைக்கும். மாட்டுவண்டிக் காலத்தில் ஊரையும் ஊரையும் இணைத்தவை. பல இடங்களில் இன்று கருவை மூடிக் கிடக்கின்றன, சில இடங்களில் வரப்போடு வரப்பாகக் கலந்துவிட்டன. ஆனால் பதிவேட்டில் அழியவில்லை. பிரிஸ்டல்காரர்களுக்கு ரயில் தடம் கிடைத்தது. நமக்கு வண்டிப்பாதைகள் இருக்கின்றன. நிலம் கையகப்படுத்த வேண்டியதில்லை என்பதை முன்மொழிவில் கொட்டை எழுத்தில் போட வேண்டும்.

மறுபடி தார் ரோட்டுக்கு வந்தபோது பள்ளிக்கூடம் போகும் மாணவிகள் சேர்ந்துகொண்டார்கள். அரசு கொடுத்த சைக்கிள்கள். 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-க்குப் பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிந்த திட்டம். சைக்கிள் கொடுத்தாயிற்று, அதை ஓட்ட ஓர் ஓரம் கொடுக்கவில்லை. நான் நோட்டும் கையுமாக விசாரிப்பதைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி சொன்னாள்: "அக்கா, காலையில ஒண்ணும் பயமில்ல. ஸ்பெஷல் கிளாஸ் முடிச்சு ஆறரைக்குத் திரும்புறப்பத்தான். விளக்கு ஒண்ணு எரியாது. அந்தக் கடை பக்கத்துல குடிச்சிட்டு ரோட்டுலயே நிப்பாங்க." இன்னொருத்தி: "பாதை போட்டா லைட்டும் போடுவாங்களா? லைட் இல்லன்னா கரை வழியா நாங்க வரமாட்டோம், அக்கா." நேர்மையான பேச்சு. கண்மாய்க் கரையின் அழகில் மயங்கி வரைந்த கோட்டில், பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குச் சூரிய விளக்கு கட்டாயம் என்று சேர்த்தேன். விளக்கு இல்லாத துண்டைப் பள்ளிப் பாதை என்று எழுதவே கூடாது.

மதியம் தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் ஒரு பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்க்க அலுப்பதே இல்லை. கண்ணாடிச் சில்லின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறச் சிமென்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றி, அச்சை நடுங்காமல் தூக்கிவிடுகிறார். மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, அதன்மேல் கலவையை நிரப்பிக் கரணையால் அழுத்துகிறார். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊற வேண்டும். கண்ணாடி பிரியும்போது அதன் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. சூளையும் நெருப்பும் எதுவும் இல்லை.

அங்கேதான் எங்கள் குழுவின் ஒரு யோசனையைக் கேட்டேன். பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில், ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் 1995-ல் ஒரு முறையைக் கொண்டுவந்தார். சைக்கிள் பாதைகள் கூடும் ஒவ்வொரு சந்திக்கும் ஓர் எண். ஒரு சந்தியில் நின்றால் அடுத்த சந்திகளின் எண்களும் அம்புக்குறியும் தெரியும். போகிறவர் 12, 15, 19, 7 என்று துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு கிளம்பிவிடலாம். நெதர்லாந்தும் அதை எடுத்துக்கொண்டது. எந்த மொழிக்காரருக்கும் புரியும், போனில் சார்ஜ் வேண்டாம், புதிதாக ஓர் ஊர் சேர்ந்தால் ஓர் எண் கூட்டினால் போதும். அந்த எண்களை ஆத்தங்குடிக் கல்லில் செய்தால் என்ன?

பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "எண் போட்டுத் தர்றது பெரிய வேலை இல்ல, ஆத்தா. அச்சு ஒண்ணு வெட்டிக்கலாம். ஆனா வெட்ட வெளியில தரையில பதிச்சீங்கன்னா வெயில்லயும் மழையிலயும் பளபளப்புப் போயிரும். ஊருக்கு ஊர் மண்டபம் இருக்கு, சாவடி இருக்கு, ஊரணிப் படித்துறைச் சுவர் இருக்கு. கூரைக்குக் கீழ செவுத்துல பதிங்க. எங்க பேரன் காலத்துலயும் இருக்கும்." மண்டபமும் சாவடியும் ஏற்கெனவே நின்று இளைப்பாறும் இடங்கள். நிழலும் கிடைக்கும். அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 23, காரைக்குடி

கிளைப்பாதையை முடிக்கக் காரைக்குடி வந்தேன். நெடுஞ்சாலைத் துண்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஓர் அடி தார், பிறகு பள்ளம். பேருந்து கடக்கும்போது காற்று தள்ளுகிறது. அங்கே ஒரு சைக்கிள் படம் வரைந்து பலகை நட்டுப் பாதை என்று கணக்கு காட்டிவிடலாம். அதன் விலையைப் பிரிட்டன் கண்டது. ஓடுகிற ரோட்டின் மேலேயே கோடு இழுத்து நீளத்தைக் கூட்டியிருந்தார்கள். 2020-ல் பாதுகாப்பு போதாது என்று தங்கள் வலையமைப்பில் ஏறக்குறையக் கால்பங்கை அவர்களே வெளியே எடுத்தார்கள். எங்கள் முன்மொழிவில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு மீட்டர்கூட வரக் கூடாது. கடக்க வேண்டிய இடத்தில் வேகத்தடையும் விளக்கும் கேட்போம், அவ்வளவுதான்.

ஊருக்குள் குழு நண்பரின் சைக்கிள் கடை. ஒரு காலத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட கடை. வாடகை நோட்டு இன்னும் பரணில் இருக்கிறதாம். இப்போது பள்ளி மாணவர்களின் வண்டிகளும் கியர் வண்டிகளும் கலந்து தொங்குகின்றன. அவருடைய அக்கறை முழுக்க முள்ளில்தான். "மேப்புல கோடு நல்லாத்தான் இருக்கு. ஆனா கரை பூரா கருவை. ஒரு முள்ளு பட்டா டயரு, டியூப் ரெண்டையும் தச்சுட்டு நிக்கும். பஞ்சர் போட நாலு கிலோமீட்டர் தள்ளிட்டு வர்ற பொம்பளப் பிள்ளை மறுநாள் அந்தப் பக்கம் வருமா?" கருவையை வெட்டினால் போதாது, தூரோடு பிடுங்க வேண்டும், வெட்டிய முள்ளைக் கரையிலேயே போடக் கூடாது, ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட்டிப் பெருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பராமரிப்பு என்ற தலைப்பில் அவர் சொன்னதை அப்படியே சேர்த்திருக்கிறேன். எண் பதித்த ஒவ்வொரு சாவடியிலும் ஒரு காற்றுப் பம்பு, பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஒருவர். பயிற்சியை அவர் இலவசமாகத் தருகிறார். முதல் வகுப்புக்குப் பெண்கள் வர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

ஜனவரி 24, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி

இன்று ரோடு முழுக்கப் பழனிக்குப் போகும் பாதயாத்திரைக்காரர்கள். தைப்பூசம் நெருங்குகிறது. குன்றக்குடியில் நகரத்தார் காவடிகள் கூடும் காலம். இங்கிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி. இந்த நடை நானூறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்வதாகச் சொல்கிறார்கள். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், மோர்ப் பந்தல், இரவு தங்கச் சத்திரம், சாப்பாட்டுக்கு மடம்.

மலையடிவாரத்து மண்டபத்தில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். காவடி எடுத்துப் பல ஆண்டுகள் நடந்தவர். சைக்கிள் பாதை என்றதும் அவர் முகம் சுருங்கியது. "நடக்குற பாதையில சைக்கிள விட்டா எப்படி, ஆத்தா? ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்ணு சொக்க நடக்குறோம்." நியாயம். அதே நேரம், கார்களும் பேருந்துகளும் உரசிப் போகும் ரோட்டில் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொண்டு நடக்கிறார்கள் என்பதையும் அவரே சொன்னார். திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையில் நடப்பவர்களுக்கென்று ரோட்டோரம் கல் பாவிய நடைபாதை இருக்கிறது. அது குன்றக்குடியிலிருந்தே தொடங்கினால்? நடைக்காலத்தில் முழுக்க நடப்பவர்களுக்கு, மற்ற மாதங்களில் நடப்பவர்களும் சைக்கிளும் சேர்ந்து. நீண்ட நேரம் பேசியபின் பெரியவர் சொன்னது: "தை மாசம் எங்களுக்கு விட்டுடுங்க. மத்த நாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ஓட்டட்டும். பந்தக்கால் நடுற இடத்த மட்டும் அடைச்சிராதீங்க."

எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த பெரிய வெளிச்சம் இதுதான் என்று நினைக்கிறேன். நெடுந்தூரப் பாதை ஒன்றை நடத்துவது எப்படி என்பது நம் மக்களுக்குத் தெரியாத வித்தை அல்ல. எங்கே தண்ணீர், எங்கே நிழல், எங்கே படுக்கை, யார் சமைப்பது, நடக்க முடியாதவரை யார் ஏற்றிக்கொள்வது, எல்லாமே தலைமுறை தலைமுறையாக ஊர்கள் பங்கிட்டுச் செய்கின்றன. தேசியப் பாதை என்று நாளை ஓர் அரசாணை வந்தால், அதை எழுதுகிறவர் முதலில் இந்தப் பந்தல்களில் வந்து உட்கார வேண்டும்.

குன்றக்குடிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. குன்றக்குடி அடிகளார் இந்த ஊருக்கென்று ஒரு கிராமத் திட்டம் வகுத்தார். காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்து விஞ்ஞானிகளை ஊருக்கு அழைத்துவந்து, ஊரில் என்ன இருக்கிறது, என்ன தொழில் செய்யலாம், யாருக்கு வேலை இல்லை என்று மக்களோடு உட்கார்ந்து கணக்கெடுத்தார். மத்திய அரசின் திட்டக் குழுவே அதைத் திரும்பிப் பார்த்தது. ஒரு மடத்தின் தலைவரும் விஞ்ஞானிகளும் ஊர்க்காரர்களும் ஒரே திண்ணையில் அமர்ந்து திட்டம் போட்ட ஊரில், சைக்கிள் பாதைக்கு ஊர்க்காரர்களே திட்டம் எழுதுவது புதுமையான காரியமே இல்லை.

மாலையில் பிள்ளையார்பட்டி. குடைவரையில் கற்பக விநாயகரைப் பார்த்துவிட்டு வந்தேன். கார் நிறுத்த இடம் ஏராளம், சைக்கிள் நிறுத்த ஒரு கம்பிகூட இல்லை. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் பிள்ளையார்பட்டியும் வைரவன்பட்டியும் எங்கள் கோட்டிலேயே வருகின்றன, இளையாத்தங்குடியையும் மாத்தூரையும் எளிதில் சேர்க்கலாம். ஒன்பது கோயிலையும் சைக்கிளில் சுற்றும் வழி ஒன்று தனியே எழுத வேண்டும். பக்கத்தில்தான் சிராவயல். 1927-ல் காந்தி வந்து ஜீவாவை அவருடைய ஆசிரமத்தில் சந்தித்த ஊர். இன்று பெரும்பாலானோருக்கு மஞ்சுவிரட்டால் மட்டுமே தெரியும். பாதையில் அதற்கும் ஓர் எண் உண்டு.

ஜனவரி 25, வேட்டங்குடி

திருப்பத்தூரைத் தாண்டிக் கொள்ளுக்குடிப்பட்டிக்கு வரும் வழியில் வெயில் வாட்டிவிட்டது. தை மாதமே இப்படியென்றால் சித்திரையில் பகல் பத்து மணிக்குமேல் யாரும் ஓட்ட முடியாது. மரம் நடுவதைப் பாதையின் முதல் ஆண்டு வேலையாக வைக்க வேண்டும். ஆலும் புளியும் நாவலும் வேம்பும் நட்ட நம் பழைய ரோட்டுக்காரர்களுக்கு அது தெரிந்திருந்தது.

கண்மாயில் நத்தைகுத்தி நாரைகள், மஞ்சள்மூக்கு நாரைகள், கொக்குக் கூட்டம். 1977-ல் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். ஆனால் பறவைகளைக் காப்பது அறிவிப்புப் பலகை இல்லை. கூட்டில் இருக்கும் பறவைகள் மிரளக் கூடாதென்று இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளும் கேட்பதில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு அது ஊர் வழக்கமாகிவிட்டது.

எங்கள் வரைபடத்தில் பாதை கண்மாய்க் கரையைச் சுற்றி வந்து முடிந்தது. டீக்கடையில் அதை விரித்துக் காட்டினேன். கடைக்கார அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "கரைமேல வேண்டாம்மா. ரோட்டுப் பக்கமே நிறுத்திக்கோங்க. நீங்க மெதுவாத்தான் வருவீங்க, பின்னாடி வர்றவன் மணி அடிப்பான், பாட்டு போடுவான்." அந்தக் கோட்டை அங்கேயே அழித்தேன். கண்மாய்க்கு முன்பே பாதை நிற்கும். சைக்கிளை வைத்துவிட்டு நடந்து போகட்டும். எல்லாக் கரையும் பாதைக்கென்று இருப்பதல்ல. எங்கே போகக் கூடாது என்பதும் ஊர் சொல்ல வேண்டிய முன்மொழிவுதான்.

ஜனவரி 26, ஆத்தங்குடிக்கும் குன்றக்குடிக்கும் இடையில் ஒரு சிற்றூர்

காலை பதினொரு மணிக்கு ஊராட்சி அலுவலகத்து வேப்பமரத்தடியில் கிராம சபை. கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும் கூட்டம் தொடங்கியது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து பற்றாளர் வந்திருந்தார். வரவு செலவு, குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று ஒவ்வொன்றாக வந்தது. குடிநீர்க் குழாயைப் பற்றிய பேச்சு நீண்டது, நீளவேண்டியதுதான். எங்கள் முன்மொழிவு வந்தபோது வெயில் மரநிழலைத் தாண்டி வந்திருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

ஊரைச் சேர்ந்த குழு நண்பர் வாசித்தார். கண்மாய்க் கரையிலும் அ-பதிவேட்டில் உள்ள வண்டிப்பாதையிலும் சரளை பரப்பி நடைக்கும் சைக்கிளுக்குமான பாதை. தார் வேண்டாம், மழைநீர் இறங்க வேண்டும். பள்ளி வரை சூரிய விளக்கு. சாவடியில் எண் கல்லும் காற்றுப் பம்பும்.

முதலில் எழுந்தவர் ஆடு மேய்க்கும் ஓர் அம்மா. "அது எங்க ஆடு மாடு போற வழி. நாளைக்கு சைக்கிள்காரங்க வந்து எங்கள ஒதுங்கச் சொன்னா?" கால்நடைக்கே முதல் உரிமை, சைக்கிள் இறங்கி நிற்க வேண்டும் என்ற வரி சேர்ந்தது. அடுத்து ஒரு விவசாயி. பாதையைச் சீராக்கினால் சவுடு அள்ளும் டிப்பர்கள் அதிலேயே வரும் என்றார். உண்மையான அச்சம் அது. குறுக்கே கல் நடலாம் என்று ஒருவர் சொல்ல, அறுப்புக்கு டிராக்டர் எப்படி வரும் என்று மற்றவர் கேட்க, குரல்கள் உயர்ந்தன. கடைசியில் நடுவில் ஒரு கழற்றும் இரும்புத் தூண், சாவி மடை பார்ப்பவரிடம், அறுப்பு நாட்களில் மட்டும் கழற்றுவது என்று ஒத்துக்கொண்டார்கள்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்தார். செவிலியர் படிப்பு படிக்கிறார். "பாதை ஊர்ச் சாவடியில தொடங்குதுன்னு எழுதியிருக்கு. சைக்கிள்ல அதிகமா பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க எங்க காலனிப் பிள்ளைங்கதான். எங்க தெருவுல தொடங்கி ஊர் வழியா ஏன் போகக் கூடாது?" சற்று நேரம் யாரும் பேசவில்லை. முன்வரிசையில் ஒருவர், தூரம் கூடும் என்றார். "அரைக் கிலோமீட்டர்தான் கூடும். அந்த அரைக் கிலோமீட்டர நாங்க தினமும் போறோம்" என்றார் அவர். ஊராட்சிச் செயலர் பேனாவை எடுத்துத் தொடக்கம் என்ற இடத்தை அடித்துவிட்டு, காலனி நூலகக் கட்டடம் என்று எழுதினார். நான் தலையிட்டுப் பேசத் தேவையே ஏற்படவில்லை. அந்த நூலகச் சுவரில்தான் இந்த ஊருக்கான எண் கல்லும் பதியும்.

இரண்டு திருத்தங்களோடும் மாற்றிய தொடக்கத்தோடும் தீர்மானம் நிறைவேறியது. பெரிய கண்மாய் நீர்வளத்துறைக்கு உட்பட்டது என்பதால் அந்தத் துண்டு மட்டும் தனி மனுவாகப் போகிறது. வண்டிப்பாதையில் வரப்பு ஏறியிருக்கும் ஓரிடத்தை அளந்து காட்ட நில அளவையருக்கு விண்ணப்பம் எழுதியாயிற்று. அந்த வயல்காரரே அதில் கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் கலைந்தபின் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தவர் தீர்மான நகலைப் படமெடுத்துக்கொண்டார். அடுத்த கிராம சபை மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். கண்மாய்க் கரையைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. அதற்குள் திருமயம் பக்கத்து ஊர்களின் அ-பதிவேட்டு நகல்களை எடுக்க வேண்டும், செவிலியர் மாணவியையும் சைக்கிள் கடைக்காரரையும் அந்த ஊர்களுக்கு அழைத்துப்போக வேண்டும். இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.